வேலை செய்யுது, அப்புறம் என்ன?

நம்ம காலேஜ்ல இந்த நாலு வருஷத்துல நான் அதிகமா கேட்ட வாக்கியம் இதுதான்: “வேலை செய்யுதுல்ல? அப்புறம் என்ன, விடு.” லேப்ல புரோகிராம் ஓடினா, அது ஏன் ஓடுதுன்னு யாரும் கேட்கிறதில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின சென்சார், எங்கிருந்தோ எடுத்து ஒட்டின கோடு, எல்.இ.டி. எரியுது, ரிவ்யூ முடிஞ்சுது, கேன்டீனுக்குப் போலாம். வைவாவில் “இது எப்படி வேலை செய்யுது?” என்று கேட்கும்போதுதான் எல்லாருக்கும் வேர்க்கும்.

இந்தப் பழக்கத்தை நாம விடணும் என்பது என் கட்சி. ஆனால் அறிவுரை மாதிரி எழுதினால் அடுத்த பக்கத்துக்குப் போயிடுவீங்கன்னு தெரியும். அதனால ஒரு என்சைமின் கதையைச் சொல்றேன். பயோடெக் பொண்ணு ஆரம்பிச்சிட்டாளேன்னு ஓடாதீங்க. மெக்கானிக்கல், ஐ.டி., சிவில் எல்லாருக்கும் புரியற கதைதான். கதை ஆரம்பிக்கிற இடமும் நமக்குப் பழகின இடம்தான்.

தினமும் கடக்கிற பெயர்

மாடம்பாக்கத்திலிருந்து சேலையூர், கேம்ப் ரோடு வழியா தாம்பரம் வந்து பீச் ரயில் பிடிக்கிறவங்களுக்கு முதல்ல வர்ற ஸ்டேஷன் சானடோரியம். அதை நாம ஊர்ப்பேர் மாதிரியே சொல்லிப் பழகிட்டோம். காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர் அது. 1928ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே அப்படி ஒன்றை ஆரம்பித்தார். இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அதற்கு முன்னால் அவர் இங்கிலாந்தில், மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். அங்கே அவரிடம் சிகிச்சைக்குப் போனவர்களில் ஒருவர் கணிதமேதை ராமானுஜன். 1920ல் சேத்துப்பட்டில் இறந்தபோது ராமானுஜனுக்கு வயது 32. அவருக்கு வந்தது காசநோய்தானா என்று பிற்காலத்தில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அன்றைய டாக்டர்கள் காசநோய் என்று நினைத்துப் பார்த்தார்கள். அவர்கள் கையில் இருந்த வைத்தியம் சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. கிருமியைக் கொல்ல மாத்திரை எதுவும் கிடையாது.

1952ல் ஐசோநயாசிட் வந்தது. சுருக்கமா ஐஎன்எச். ரொம்பச் சின்ன மூலக்கூறு, செய்வதும் மலிவு, வாய் வழியா விழுங்கினால் போதும். இதில் வேடிக்கை என்னன்னா, 1912லேயே பிராக் நகரத்தில் இரண்டு வேதியியலாளர்கள் இதைச் செய்து வைத்துவிட்டார்கள். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று கண்டுபிடிக்க இன்னும் 40 வருஷம் ஆனது.

1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். இன்றைக்கு அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே 193 சென்னை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில். இன்னொரு பிரிவு அவரவர் வீட்டிலேயே, அந்த நெருக்கடியான வீடுகளில், அந்தச் சாப்பாட்டோடு. இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் ஐஎன்எச்சும் பிஏஎஸ் என்ற இன்னொரு மருந்தும். 1959ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகமாகப் பரவவும் இல்லை. காசநோய் என்றால் ஊரை விட்டுப் போய் வருஷக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும் என்ற நிலைமையை உலகம் முழுக்க மாற்றிய ஆய்வு இது. நம்ம ஊர் ஆய்வு.

இப்போ கவனிங்க. இவ்வளவும் நடந்தபோது, ஐஎன்எச் எப்படி வேலை செய்கிறது என்று உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வேலை செய்யுது, அப்புறம் என்ன?

தண்ணி கேன் கணக்கு

எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்க, கிருமிக்குள்ள போகணும். காசநோய்க் கிருமியைச் சுற்றி மெழுகு மாதிரி ஒரு சுவர் இருக்கிறது. மைக்கோலிக் அமிலம் என்ற நீளமான கொழுப்புகளால் ஆன சுவர். அந்தக் கொழுப்பைச் செய்கிற அசெம்ப்ளி லைனில் ஒரு என்சைம் ஐஎன்எச்ஏ. பெயரைப் பார்த்தாலே தெரியும், மருந்தின் பெயரை வைத்து அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் கொழுப்புச் சங்கிலியில் ஒரு இரட்டைப் பிணைப்பு இருக்கும். ஹைட்ரஜன் சேர்த்து அதை ஒற்றைப் பிணைப்பாக மாற்றுவதுதான் இதன் வேலை.

ஹைட்ரஜன் எங்கிருந்து வரும்? என்ஏடிஎச் என்கிற துணை நொதியிடமிருந்து. துணை நொதின்னா கோஎன்சைம். நம்ம பக்கத்துல பப்பிள்டாப் தண்ணி கேன் இல்லாத ஹாஸ்டல் ரூம் கிடையாது, அதனால இப்படி யோசிங்க. என்சைம் என்பது டிஸ்பென்சர். என்ஏடிஎச் என்பது நிறைஞ்ச கேன். கேன் வாய் டிஸ்பென்சர்ல சரியா உட்கார்ந்து, உள்ளே இருக்கிறதைக் கொடுத்துட்டு, காலி கேனா வெளியே போகும். அந்தக் காலி கேனுக்குப் பேர் என்ஏடி. செல்லுக்குள் வேற இடத்தில் அது மறுபடி நிரம்பித் திரும்பி வரும். நம்ம உடம்பிலும் இதே கேன்கள்தான் ஓடுகின்றன. விட்டமின் பி3 நமக்கு எதுக்குன்னா, இந்தக் கேனைச் செய்யத்தான்.

கேன் உட்காருகிற குழிக்கு ஒரு குறிப்பிட்ட வடிவம் உண்டு. ராஸ்மன் மடிப்பு என்பார்கள். 1970களில் மைக்கேல் ராஸ்மன் கவனித்த அமைப்பு. பாக்டீரியா, யானை, நீங்க, நான், எல்லாரிடமும் இருக்கிற எத்தனையோ என்சைம்கள் இதே மடிப்பை வைத்து என்ஏடியைப் பிடிக்கின்றன.

ஐஎன்எச் மாத்திரை கிருமிக்குள் நுழையும்போது அது ஒரு ஒன்றும் செய்யாத பொருள். கிருமியின் இன்னொரு என்சைமான கேட்ஜி அதை உடைக்கிறது. உடைந்த துண்டு போய் என்ஏடியின் வாயிலேயே, அதாவது ஹைட்ரஜனைக் கொடுக்கிற அந்த வளையத்திலேயே, ஒட்டிக்கொள்கிறது. வாயில் ஃபெவிகால் தடவின கேனை டிஸ்பென்சர்ல கவிழ்த்தா என்ன ஆகும்? உட்காரும், ஆனால் தண்ணியும் வராது, கேனையும் சுலபமா எடுக்க முடியாது. டிஸ்பென்சர் அவ்வளவுதான். கொழுப்பு இல்லை, சுவர் இல்லை, கிருமி சாகிறது. மைக்கோலிக் அமிலம் நம்ம உடம்பு செய்வதில்லை என்பதால் நம்மிடம் இந்த டிஸ்பென்சரே கிடையாது.

இந்தப் படம் முழுசாகக் கிடைக்க எவ்வளவு காலம் ஆனது பாருங்க. மருந்துக்கு அடங்காத கிருமிகளில் கேட்டலேஸ் வேலை குறைந்திருக்கிறது என்று 1954லேயே மிடில்புரூக் கவனித்தார். ஆனால் கேட்ஜி மரபணுவுக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது 1992ல். ஐஎன்எச்ஏ மரபணு 1994ல். அந்த என்சைமின் கிரிஸ்டல் அமைப்பு 1995ல். மருந்துத் துண்டு ஒட்டின என்ஏடி அந்தக் குழிக்குள் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தது 1998ல். மாத்திரை வந்து 46 வருஷம் கழித்து.

ஒரே ஒரு ஆக்சிஜன்

1995ல் நியூயார்க்கில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் சாக்கெட்டினி, பிளாஞ்சார்ட், ஜேக்கப்ஸ் ஆகியோரின் குழுக்கள் செய்த வேலையைக் கொஞ்சம் விளக்கணும். ஏன்னா, நாம மூணாவது செமஸ்டர்ல மனப்பாடம் பண்ணி மறந்த ஒரு விஷயம் அதில் இருக்கிறது.

என்சைமைச் சுத்தமாகப் பிரித்து, கற்கண்டு விளைவிக்கிற மாதிரி கிரிஸ்டலாக வளர்க்க வேண்டும். அதன் மேல் எக்ஸ்ரே அடித்தால் புள்ளி புள்ளியாக ஒரு சிதறல் கிடைக்கும். அந்தப் புள்ளிகளிலிருந்து எலக்ட்ரான்கள் எங்கெங்கே அடர்த்தியாக இருக்கின்றன என்ற வரைபடத்தை எடுக்க உதவுவது ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம். “இதெல்லாம் வாழ்க்கையில எங்கடா வரப்போகுது”ன்னு நாம பின் பெஞ்சுல கிண்டல் பண்ணின அதே கணக்கு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டிடெக்டரில் பதிவாவது புள்ளியின் பிரகாசம் மட்டும்தான், ஃபேஸ் தொலைந்துவிடும். அதை வேறு வழிகளில் மீட்க வேண்டும். இசிஇ மக்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலின்னு நான் சொல்லத் தேவையில்லை.

அவர்கள் இரண்டு கட்டமைப்புகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று சாதாரண என்சைம். இன்னொன்று மருந்துக்கு அடங்காத வகை. இந்த என்சைமில் மொத்தம் 269 அமினோ அமிலங்கள். அடங்காத வகையில் 94வது இடத்தில் செரினுக்குப் பதிலாக அலனின் இருக்கிறது. செரினுக்கும் அலனினுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஆக்சிஜன் அணு.

அந்த ஒரு ஆக்சிஜன் என்ன செய்துகொண்டிருந்தது? குழிக்குள் ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிடித்துவைத்திருந்தது. அந்தத் தண்ணீர் என்ஏடிஎச்சின் பாஸ்பேட்டைப் பிடித்திருந்தது. கை கோத்து நிற்கிற மாதிரி ஹைட்ரஜன் பிணைப்புகளின் ஒரு வலை. ஆக்சிஜன் போனதும் வலை கலைகிறது, பிடி தளர்கிறது. சாதாரணக் கேன்கள் செல்லுக்குள் ஏராளமாக இருப்பதால் பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் என்சைமின் பிழைப்பு ஓடிவிடும். ஆனால் மருந்து ஒட்டின கேன் முன்பு போல இறுக்கமாக உட்காருவதில்லை. இந்த ஒரு மாற்றமே கிருமிக்கு எதிர்ப்பைக் கொடுக்கப் போதும் என்பது 2006ல் உறுதியானது.

பெரிய பெரிய வார்த்தைகளில் “மருந்து எதிர்ப்பு” என்று செய்தியில் படிக்கிறோமே, அணு அளவில் அதன் முகம் இதுதான்.

எங்க தெரு அண்ணன்

மாடம்பாக்கத்தில் எங்க தெருவுல ஷேர் ஆட்டோ ஓட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்கார். போன வருஷம் அவருக்குக் காசநோய். அரசு மருத்துவமனையில் டெஸ்ட், இலவச மாத்திரை. ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடுச்சு, எடையும் ஏறிடுச்சு. ஒருநாள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, நீ இதுதானே படிக்கிற? மாத்திரைதான் வேலை செஞ்சிடுச்சே. அப்புறம் எதுக்கு இன்னும் நாலு மாசம்? மாத்திரை போட்டுட்டு வண்டி ஓட்டினா வயித்தைப் பிரட்டுது.”

அதே வாக்கியம். நம்ம லேப்ல கேட்கிற அதே வாக்கியம்.

அந்த ரிப்போர்ட்டில் கேட்ஜி, ஐஎன்எச்ஏ என்று இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டிலும் மாற்றம் எதுவும் இல்லை என்று போட்டிருந்தது. தண்ணி கேன் கதையை அவருக்குச் சொன்னேன். நுரையீரலில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும்போது, தற்செயலாகவே சிலவற்றுக்கு டிஸ்பென்சர் கொஞ்சம் மாறியிருக்கும். வேறு சிலவற்றில் மாத்திரையை உடைக்கிற கேட்ஜி கெட்டுப்போயிருக்கும். அதனால்தான் ஒரே மாத்திரையாகக் கொடுக்காமல் முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து சேர்த்துக் கொடுக்கிறார்கள். சீக்கிரம் சாகிறவை செத்த பிறகு, மெதுவாக வளர்கிறவை பதுங்கி இருக்கும். இருமல் நின்றுவிட்டது என்றால் கிருமி தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பாதியில் விட்டால் திரும்பி வருவது எது என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ கூட ஒரு சின்ன மாத்திரை தர்றாங்களே, அது எதுக்கு?” என்றார். அது விட்டமின் பி6. அதுவும் ஒரு துணை நொதிக் கதைதான். ஐஎன்எச் நம்ம உடம்பின் பி6-ஐயும் வீணாக்கிவிடும், கை கால் மரத்துப்போகும். அதை ஈடுகட்டத்தான் அந்த மாத்திரை. வயித்துப் பிரட்டலுக்கு டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்கன்னு சொன்னேன். ஆறு மாசமும் முடித்தார். முடித்தது அவருடைய பொறுமை, என் விளக்கம் இல்லை. ஆனால் “போடு, கேள்வி கேட்காதே” என்பதைவிட “இதனால் போடு” என்பது அவருக்கு மரியாதையாக இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று இருக்கிறது. சேத்துப்பட்டு ஆய்வுக்கு எந்தக் கிரிஸ்டலும் தேவைப்படவில்லையே? கட்டமைப்பு தெரியாமலேயே லட்சக்கணக்கானவர்கள் பிழைத்தார்களே?

உண்மை. அந்த ஆய்வை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு வருஷம் விடாமல் பின்தொடர்ந்து, எண்ணிப் பார்த்தார்களே, அதுவும் “ஏன்?” என்று கேட்பதில் ஒரு வகைதான். நல்ல காற்றுதான் குணப்படுத்துகிறது என்ற நம்பிக்கையை அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். “வேலை செய்யுது, விடு” என்று இருந்திருந்தால் சானடோரியங்களே தொடர்ந்திருக்கும்.

இன்னொரு உண்மையும் சொல்லணும். கட்டமைப்பு தெரிந்தவுடன் புது மருந்து கொட்டிவிடாது. கேட்ஜி உதவி இல்லாமல் நேராக ஐஎன்எச்ஏவைப் பிடிக்கிற மூலக்கூறுகளை ஆய்வுக்கூடங்கள் எத்தனையோ வருஷமாகத் தேடுகின்றன. மெடிக்கல் ஷாப்பில் இன்னும் எதுவும் வரவில்லை.

ஆனால் மருந்து தோற்கிற நாளில் கதை மாறுகிறது. ஐஎன்எச் வேலை செய்யவில்லை என்றால், எங்கே அடைப்பு என்று தெரிந்தே ஆக வேண்டும். கேட்ஜி கெட்டிருந்தால் மாத்திரையை உடைக்க ஆளில்லை. பொதுவாக எதிர்ப்பு பலமாக இருக்கும், டோஸை ஏற்றுவதில் பெரிய பயன் இருக்காது. ஐஎன்எச்ஏ பக்கம் மாற்றம் என்றால், பெரும்பாலும் அந்த மரபணுவின் சுவிட்ச் பகுதியில் மாறி, என்சைம் அதிகமாக உற்பத்தியாகும். டிஸ்பென்சர் எண்ணிக்கை கூடிவிட்டது. எதிர்ப்பு மிதமாகத்தான் இருக்கும், டோஸை ஏற்றினால் ஐஎன்எச் இன்னும் பயன்படலாம். அதே நேரம் எத்தியோனமைடு என்ற இன்னொரு மருந்து கைவிட்டுவிடலாம், ஏன்னா அதுவும் கடைசியில் இதே டிஸ்பென்சரைத்தான் அடைக்கிறது. கேட்ஜி மட்டும் கெட்ட கிருமியிடம் எத்தியோனமைடுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அதை உடைப்பது வேறு என்சைம்.

அதனால்தான் அண்ணனின் ரிப்போர்ட்டில் அந்த இரண்டு பெயர்களும் இருந்தன. ஆராய்ச்சிக் கட்டுரையில் இருந்த ஒரு என்சைமின் பெயர், மாடம்பாக்கத்தில் ஒருவருடைய சட்டைப் பையில் மடித்து வைத்த தாளில் வந்து நிற்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அப்படிப்பட்ட நாட்டில் இதை ஆடம்பரமான அறிவு என்று யார் சொல்ல முடியும்?

கிண்டியிலிருந்து ஒரு கோடு

“இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம்” என்பவர்களுக்கு ஒன்று. உலகத்தில் எந்தப் புரோட்டீன் கட்டமைப்பு வெளியானாலும், அது நம்பத்தகுந்ததா என்று சரிபார்க்கும்போது ராமச்சந்திரன் வரைபடம் என்ற சோதனை இருக்கும். புரோட்டீன் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்று காட்டுகிற படம். 1963ல் அதை வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன். அதற்குத் தேவைப்பட்டது அணுக்களுக்கு இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரம் பற்றிய அறிவும், கணக்கும், பொறுமையும். கிண்டி வளாகத்தைத் தாண்டி எத்தனை தடவை போயிருப்போம்?

இப்போ உங்களிடம் நான் கேட்கிறது ஒரு சின்ன வேலைதான். புரோட்டீன் டேட்டா பேங்க் என்று ஒரு தளம் இருக்கிறது. 1971லிருந்து நடக்கிறது, காசு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. மொபைலிலேயே திறக்கும். 1இஎன்ஒய் என்ற எண்ணைத் தேடுங்க, அது சாதாரண ஐஎன்எச்ஏ, என்ஏடிஎச்சோடு. பக்கத்தில் 1இஎன்இசட் திறந்துகொள்ளுங்க, அது மாறிய வகை. 94வது அமினோ அமிலத்தைத் தேடிப் பெரிதாக்குங்க. ஒன்றில் அந்த ஆக்சிஜன் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அதன் பிறகு 1இசட்ஐடி பாருங்க, மருந்து ஒட்டின கேன் குழிக்குள் சிக்கியிருப்பது தெரியும். அதற்கு இடம் கொடுக்க 149வது இடத்தில் இருக்கிற ஃபினைல்அலனின் எப்படித் திரும்பிக்கொண்டிருக்கிறது என்றும் பாருங்க. மொத்தம் கால் மணி நேரம். ஒரு எபிசோடை விடக் கம்மி.

அதை முடிச்சதும் உங்க துறைக்கு வாங்க. நீங்க இந்த வருஷம் சமர்ப்பிக்கப் போகிற ப்ராஜெக்ட்டில், வேலை செய்கிறது ஆனால் ஏன் என்று தெரியாது என்கிற பகுதி ஒன்று கண்டிப்பா இருக்கும். ஒரு லைப்ரரி ஃபங்ஷன், ஒரு கன்ட்ரோலர் செட்டிங், கான்கிரீட் மிக்ஸில் ஒரு விகிதம். அதில் ஒன்றே ஒன்றைத் திறந்து பாருங்க. மார்க் கூடுமான்னு தெரியாது. ஆனால் அது ஒருநாள் நிற்கும். நிற்கும்போது எங்கே தொடணும்னு தெரிஞ்சவங்களைத்தான் எல்லாரும் தேடுவாங்க.

திறந்து பார்த்ததை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. தமிழ்ல எழுத வராதுன்னு சொல்லாதீங்க. ஆங்கில மீடியத்தில் படிச்சிட்டு, கோஎன்சைமுக்குத் தமிழில் என்னன்னு தேடித் தேடித்தான் நானும் இதை எழுதினேன்.